மயக்கத்துக்கு ரெண்டு மார்க்

அவசரப் பிரிவு டாக்டரம்மாவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. உண்மையை மென்று முழுங்குகிறவர்கள் எல்லாரும் தேடிப்பிடித்து அவரிடம்தான் வந்து சேர்வார்கள். அன்று மத்தியானம் ஏழாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் பஸ் டிரைவர். இடுப்பு வலிக்கு மாசக்கணக்காக வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கியவர். காலையில் மலம் கன்னங்கரேலென்று போயிருக்கிறது. வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். கூட வந்தவர் மனைவியின் தம்பி, அதே பஸ்ஸில் கண்டக்டர், வாய் ஓயாத மனிதர்.

"ஊசி போட்டு அனுப்பிடுங்கம்மா. நாலரைக்கு வண்டி எடுக்கணும்," என்றார் டிரைவர்.

அனுப்பலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க டாக்டரம்மாவிடம் ஒரு மார்க் கணக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். இதில் மார்க் ஏறினால் ஆபத்து. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, சைபர். நாடித்துடிப்பும் சைபர். ரத்தப் பரிசோதனையும் சைபர். கறுப்பு மலத்துக்கு மட்டும் ஒன்று. ஒரே ஒரு மார்க் என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் எண்டோஸ்கோபிக்கு வரச் சொல்லலாம். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

"மயங்கி விழுந்தீங்களா?"

"சேச்சே! எனக்காவது, மயக்கமாவது!"

அதுவரை எல்லாக் கேள்விக்கும் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டு, மாமா போன வருஷம் பல் பிடுங்கியது வரை ஒப்பித்த கண்டக்டர், இப்போது மட்டும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்குப் பொறி தட்டியது.

"நீங்க சொல்லுங்க."

"அதான் மாமாவே சொல்லிட்டாரே..."

"மயக்கத்துக்கு ரெண்டு மார்க். அது சேர்ந்தா இவரை நான் வெளியே விடமாட்டேன். மறைச்சுக் கூட்டிட்டுப் போனா, உங்க அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

மாமா முறைத்தார். அக்காவின் முறைப்பு இதைவிடப் பெரிசு என்று கண்டக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "காலைல பாத்ரூம்ல விழுந்துட்டாரும்மா. நான்தான் தூக்கினேன்."

"அடப்பாவி!" டிரைவரின் குரல் உடைந்தது. "மயக்கம்னு எழுதினா என்னை ஸ்டியரிங் பக்கமே விடமாட்டாங்கம்மா. எனக்கு வேற தொழில் தெரியாது."

டாக்டரம்மாவின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது. "ரத்தம் போனதால வந்த மயக்கம் இது. மாத்திரையால வந்த வயித்துப் புண்ணு ஆறினா இதுவும் போயிடும். அப்ப வண்டி ஓட்டலாம்னு நானே எழுதித் தரேன். இப்ப படுங்க."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். ரத்தம் வரவழைத்துத் தயாராக வைத்தார்கள். ஐந்து மணிக்கு மேல் ஒரு பாத்திரம் நிறைய ரத்த வாந்தி எடுத்தார். நர்ஸ்கள் ஓடிவந்தார்கள், ரத்தம் ஏறியது, எண்டோஸ்கோபி அறையில் புண்ணுக்குக் கிளிப் போட்டு அடைத்தார்கள். வராந்தாவில் கண்டக்டர் தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

கண் விழித்ததும் டிரைவர் கேட்ட முதல் கேள்வி: "நான் வாந்தி எடுத்தப்ப மணி என்னடா?"

"அஞ்சேகால்."

டிரைவர் மனசுக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். "பெரிய பாலத்து மேல இருந்திருப்பேன். அந்நேரத்துக்கு வண்டிக்குள்ள நிக்க இடமிருக்காது. எழுபது பேருடா." கண்ணில் தண்ணீர் பெருகியது.

கண்டக்டர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "டிக்கெட் எடுக்காத நம்ம ரெண்டு பேரைக் கணக்குல விட்டுட்டீங்களே, மாமா."