எந்தப் பட்டியில் பிறந்தது

இலக்கம் ஐந்து தண்ணீரில் உடைந்தது. கையில் இடுக்கியோடு கனகசிங்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோசரில் ஊறிய எண் முதலில் மூன்றாய்ப் பிளந்து, பிறகு முட்டைக்கோது போல நொறுங்கிப் போனது. இரண்டாவது ஐந்தையும் விட்டுப் பார்த்தார். அதற்கும் அதே கதிதான். கடதாசியை நனைத்து, எண்ணை வழுக்கிக் கழற்றி, மாதிரி விமானத்தின் இரு பக்கமும் ஒட்டவேண்டும். பெட்டிக்குள் இருபது வருடம் கிடந்த ஒட்டுப்படம் குருக்கள்மடத்துப் புழுக்கத்தில் ஒரு வருடத்துக்கும் தாங்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் பத்தரை. மூன்று மணிக்குள் நகரத்துக் கண்காட்சி மண்டபத்தில் விமானத்தை ஒப்படைக்கவேண்டும்.

மேசையில் அது இரண்டு மிதவைகளின் மேல் நின்றது. மூக்கிலிருந்து வால் வரை ஒரு சாணுக்கும் குறைவு. 1926ஆம் ஆண்டு இத்தாலிக்காரர் கடல் கடந்து கொண்டுபோய்ப் பந்தயத்தில் வென்ற சிவப்பு நீர்விமானத்தின் மாதிரி. இறக்கையின் மேலெல்லாம் பித்தளை நிறம். உண்மை விமானத்தில் அது பித்தளைத் தகடு; இயந்திரத்தின் கொதிநீர் அதற்குள் ஓடித்தான் ஆறுமாம். அதைப் படித்த நாளில் கனகசிங்கம் எழுந்து வளவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு நெஞ்சு இப்படி அடிக்கக்கூடாது. மகள் பிரஷாந்தி மெல்பேர்னிலிருந்து அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது உள்ளே முப்பத்தெட்டு ரெசின் துண்டுகள் கிடந்தன. இறக்கை அப்பளம் போல நெளிந்திருந்தது. மிதவைகளில் அம்மைத் தழும்பாய்க் காற்றுக் குமிழ்கள். பதினொரு மாதம் அடைத்தார், தேய்த்தார், மறுபடி அடைத்தார்.

காரணம் போன வருடத்துக் கண்காட்சி. அவர் செய்த பாய்க்கப்பலைச் ‘சிறுவர் கைவேலை’ மேசையில், நூல் சுற்றிய வாத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நில அளவைக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் படம் வரைந்தவர். தாய்மாமன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராய் இருந்து கட்டிக்காத்த குடியில் பிறந்தவர். ஒரு வார்த்தை பேசாமல் கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தார். குடியின் முகத்தில் விழுந்த கரி அது. இன்றைக்கு அதே மண்டபத்தில் அதைத் துடைக்கவேண்டும். ஆனால் எண் இல்லாத பந்தய விமானத்தை எவன் மதிப்பான்? குறி சுடாத மாடு மாதிரி...

“குறி!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

மட்டக்களப்பில் தாய்வழியாய் வரும் ஒவ்வொரு குடிக்கும் மாட்டின் தொடையில் சுடுகிற ஒரு குறி உண்டு. அவருடைய குடிக்கு, கவிழ்ந்த பிறையும் அதன் நடுவில் நிமிர்ந்த ஒரு கோடும். வெள்ளை இனாமல் பெயின்ட்டைக் கலக்கி, மிக மெல்லிய தூரிகையை எடுத்தார். இரு பக்கமும் வரைந்து முடித்து எட்டி நின்று பார்த்தார். இத்தாலிக்காரனின் விமானத்தில் அவருடைய தாயின் குறி!

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி புஸ்பம் மேசையருகில் நின்றாள்.

“இதென்ன, குடையா?”

“குடையா? கண்ணாடியப் போட்டுப் பாருகா. எங்கட குடிக்குறி.”

“எந்த எங்கட?”

“ஏன், என்ட குடிதான்.”

புஸ்பம் தேத்தண்ணியை வைத்தாள். “இஞ்ச பாருங்க. இது ஆர்ர வீடு?”

“உன்ட சீதன வீடு. அதுக்கென்ன இப்ப?”

“செட்டையிர நெளிவு எடுத்தது ஆர்ர இடியப்பச் சட்டி ஆவியில?”

அவர் தேத்தண்ணியை எடுத்தார்.

“கம்பி கட்டினது ஆர்?”

“அது தங்கூசி.”

“என்னண்டு கேக்கல்ல. ஆர் எண்டு கேட்டன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பட்டியில கண்டு பிறந்தா தாய்ர குறியச் சுடுவயளா, அங்கால நிண்ட நாம்பன்ட குறியச் சுடுவயளா?”

அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. “சரி. ஒரு பக்கம் உன்ட குறி, மற்றப் பக்கம் என்ட குறி. போதுமா?”

“ரெண்டு குறி கிடந்தா வித்த மாடு. இல்லாட்டிக் களவு மாடு. கொண்டு போங்க, வழியில பொலிசு மறிக்கும்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கனகசிங்கம் கதிரையில் இருந்தார். இறக்கைக்கும் மிதவைக்கும் இடையில் வலைக்காரரின் தங்கூசி நரம்புகள், தலைமயிரிலும் மெல்லிசாக, ஒன்றும் தொய்யாமல் நின்றன. ஒவ்வொன்றையும் ஊசித் துவாரத்தில் விட்டு, மூச்சைப் பிடித்து இழுத்து முடிந்தவள் அவள். பக்கத்தில் நின்று “இறுக்கு, இன்னும் இறுக்கு” என்று சொன்னதுதான் அவர் செய்த வேலை. அதுகூடப் பெரிதில்லை. ஏழு வருடத்துக்கு முன் கோயில் சடங்கில், அவருடைய குடிக்குரிய வரிசையில் சொந்தத் தம்பியின் மகன் வந்து நின்றான். இவர்தான் எழும்பி, ஊர் பார்க்க, “உன்ட தாய் எந்தக் குடியோ அங்க போய் நில்லு மனே” என்று அனுப்பினார். பொடியனின் முகம் சுருங்கிப் போனது. தம்பி ஒரு வருடம் கதைக்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் சொன்னவர், இன்றைக்குத் தன் கையால் வரைந்த பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை மண்டபத்தில் வைத்தால் யாருக்கும் விளங்காது. புஸ்பத்துக்கு விளங்கும். அவருக்கும் விளங்கும்.

தின்னரில் துணியை நனைத்து, மூச்சுவிடாமல் துடைத்தார். வெள்ளை பால் போல இழுபட்டு, பிறகு போய்விட்டது. சிவப்பு அசையவில்லை. அது ஓட்டோவுக்கு அடிக்கிற பெயின்ட்.

“புஸ்பம், இஞ்ச வா. உன்ட குறி அம்புதானே?”

“அம்பும் ரெண்டு புள்ளியும். ஏன், வரையப் போறயளா?”

“நான் வரையப்படாது. நீ வரை.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து தூரிகையைப் பிடித்தாள். வாழ்நாளில் பெயின்ட் தொட்டவள் இல்லை. கோடு கொஞ்சம் தடித்துத்தான் வந்தது. ஆனால் அம்பை அவள் மூக்குப் பக்கம் சாய்த்து வரைந்தாள். பின்னால் இரண்டு புள்ளிகள் தெறித்து விழுந்ததுபோல நின்றன. கனகசிங்கம் எட்டி நின்று பார்த்தார். நின்ற இடத்திலேயே விமானம் பாயத் தொடங்கிவிட்டது.

“ஓடுதுகா,” என்றார். “நிண்டுகொண்டே ஓடுதுகா!”

“சத்தம் போடாதயுங்க. மற்றப் பக்கம் கிடக்கு.”

ஒரு மணிக்குக் காத்தான்குடி றிஷாட் ஓட்டோவோடு வந்தான். தன் வண்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்டைக் கொடுத்தவன் அவன்தான். “யா அல்லாஹ், நம்மட வண்டிர தம்பி போல இரிக்கே ஐயா!” என்று வாயைப் பிளந்தான். குறி இன்னும் காயாததால் பெட்டியில் வைக்க முடியவில்லை. புஸ்பம் மடியில் துவாயை விரித்து, மிதவைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நடக்கிற வேகத்துக்கு மேல போனா இறங்கிருவன்” என்று கனகசிங்கம் கட்டளையிட்டார். றிஷாட் ஊர்ந்தான். ஆரையம்பதியில் சைக்கிள்கள் முந்தின. காத்தான்குடியில் சந்திக்குச் சந்தி தெரிந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று பக்கவாட்டில் நுழைந்தது. புஸ்பம் விமானத்தின் மூக்கைக் காற்றின் பக்கம் மெல்லத் திருப்பினாள். காற்றாடி ஒரு தரம் தயங்கியது. அரைச் சுற்று. பிறகு ஒரு முழுச் சுற்று. தங்கூசி நரம்புகள் மெல்ல இரைந்தன.

கனகசிங்கம் முன்னால் குனிந்தார்.

“றிஷாட்.”

“மெதுவாத்தான் போறன் ஐயா.”

“கொஞ்சம் கூட்டு.”

ஓட்டோ உறுமியது. புஸ்பம் கைகளை உயர்த்தினாள். காற்றாடி கரைந்து ஒரு வெளிச்ச வட்டமாகியது. அந்த வட்டத்துக்குள்ளால், கண் கூச, வாவி முழுவதும் தெரிந்தது.