எட்டாம் கட்டில்

"ஏழாம் கட்டில்ல கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க யூ-சின். ஏழுன்னா பேய்ங்க உலாவற ஏழாம் மாசம்தான் ஞாபகம் வருது. நாளைக்கு இடுப்பு எலும்புல கத்தி வைக்கப் போற மனுஷனை அங்கயா படுக்க வைப்பாங்க? உன் ஆஸ்பத்திரிதானே, எட்டு வாங்கிக் கொடு. எட்டு இல்லாட்டி ஆறு."

மாமியாருக்கு எதிலும் எட்டுதான் வேண்டும். வண்டி எண்ணிலும் எட்டு, வீட்டு எண்ணிலும் எட்டு. அந்த ஊரில் எட்டு செல்வம் தரும் எண், ஆறு காரியம் தடங்கலில்லாமல் நடக்க வைக்கும் எண். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்ததுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கட்டில் எண்தான் கவலை.

"பார்க்கறேன்மா" என்று மாமியாரின் அழைப்பைத் துண்டித்தாள் யூ-சின். தாழ்வாரத்தில் நின்றபடியே எலும்பு வார்டின் தலைமை நர்ஸைப் போனில் கூப்பிட்டாள்.

"சிங் அக்கா, எட்டு காலியா?"

"சாயங்காலம் காலியாகும். மூணு குடும்பம் கேட்டு வச்சிருக்கு. நகர மன்றத்துல இருந்தவரோட அம்மாவுக்குன்னு காலையில ஒரு போன், அப்புறம் பழக்கடைக்காரர் பொண்ணு, அவ அழுதே கேட்டுட்டா. ஆனா உங்க வீட்டுக்குன்னா உங்களுக்கு முதல்ல. இது ஒரு விஷயமா."

"பெரிய உபகாரம்க்கா."

போனை வைத்துவிட்டு மின்தூக்கி வரை போனவள், கதவு திறந்தும் உள்ளே ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. இன்னொரு முறை திறந்து மூடியது.

யூ-சின் மனநல ஆராய்ச்சியாளர். சியாயி நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட வயதானவர்களுக்கு ஏன் புத்தி தடுமாறுகிறது, மகனைப் பார்த்து 'நீ யாரப்பா' என்று ஏன் கேட்கிறார்கள் என்று மூன்று வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் தடுமாற்றம் குறையும் என்பது அவள் எண்ணம். ஊர் எது, என்ன வேலை பார்த்தீர்கள், காலையில் கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள், இப்படி. சரிபார்க்க நோயாளிகளை இரண்டாகப் பிரித்தாள். இரட்டை எண் கட்டிலில் இருப்பவர்களுக்குப் பேச்சு, ஒற்றை எண் கட்டிலில் இருப்பவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் எந்தக் கட்டிலுக்குப் போகிறார்கள் என்பதை அவள் தொடவே இல்லை. அதனால் பாரபட்சம் வர வழியில்லை என்று நினைத்தாள்.

முடிவு அபாரமாக வந்தது. இரட்டை எண் கட்டில்காரர்களிடம் தடுமாற்றம் ஒற்றை எண்காரர்களில் பாதிகூட இல்லை. சனிக்கிழமை தாய்ச்சுங்கில் நாட்டு மருத்துவர்கள் கூடும் மாநாட்டில் அதைச் சொல்லப் போகிறாள். அந்த மேடையை நம்பித்தான் கூட்டாளி டாக்டர் கோவின் பதவி உயர்வும் நின்றது.

ஒன்றுதான் அப்போதே உறுத்தியது. இரட்டைப் பக்கத்தில் ஆட்கள் குறைவு. 'நாலாம் கட்டில்தான் கிடையாதே' என்று கோ சிரித்தான், அவளும் சிரித்தாள். உச்சரிப்பிலேயே சாவை நினைவூட்டும் எண்ணை எந்த ஆஸ்பத்திரி கட்டிலில் ஒட்டும்? இல்லாத நாலைப் பார்த்துச் சிரித்தவர்கள், இருக்கிற எட்டையும் ஆறையும் திரும்பிப் பார்க்கவில்லை. மின்தூக்கி முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அதில் படுப்பவர்கள் யார்? கேட்டு வாங்க ஆள் உள்ளவர்கள். தலைமாட்டில் மகள், கால்மாட்டில் மருமகன், வாசலில் இரண்டு பேரன்கள் என்று நாள் முழுக்கப் பேச்சு ஓயாத குடும்பம் உள்ளவர்கள். அவர்களுக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் பேசிவிட்டு, 'பாருங்கள், என் பேச்சு குணப்படுத்தியது' என்று அவள் மார்தட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்குப் போய்க் கணக்கைத் திறந்து இரட்டை எண்களை இரண்டாகப் பிரித்தாள். யாரும் கேட்டு வாங்காத இரண்டாம் கட்டிலும் பத்தாம் கட்டிலும் ஒரு பக்கம், ஆறும் எட்டும் இன்னொரு பக்கம். ஆறும் எட்டும் ஜொலித்தன. இரண்டிலும் பத்திலும் பலன் இருந்தது, ஆனால் நூல் அளவு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது.

கோ சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல வாயில் இருந்த பன்றி விலாவை மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"யாருக்கும் தெரியாதே" என்றான் கடைசியில்.

"நமக்குத் தெரியும்."

"கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டுடலாம். 'கட்டில் ஒதுக்கீட்டில் சிறு வேறுபாடு இருக்கலாம்'னு. எல்லாரும் அப்படித்தானே போடறாங்க."

"சிறு வேறுபாடா? என் மாமியார் போன்ல கத்தினதை நீ கேட்கலை."

"யூ-சின், விளையாடாதே. என் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போகும். அந்தப் பேராசிரியர் து வேற முதல் வரிசையில உட்கார்ந்திருப்பான்."

து வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் பேராசிரியர். அடுத்தவர் ஆராய்ச்சியில் ஓட்டை பார்ப்பதற்கென்றே மாநாட்டுக்கு வருகிறவர் என்று பெயர். அவர் கையைத் தூக்கினால் மேடையில் நிற்பவருக்கு நாக்கு வறளும்.

"அதுக்குத்தான் சொல்றேன். அவர் சொன்னா அது நமக்கு விழுந்த அறை. நானே சொன்னா அது ஆராய்ச்சி. மேடை கிடைச்சிருக்கு, சொல்ல விஷயமும் இருக்கு. முன்னைவிட நல்ல விஷயம்தான்."

"நல்ல விஷயமா? வீடு இடிஞ்சு கிடக்கு, நீ செங்கல் நல்லாயிருக்குங்கற."

"அஸ்திவாரம் நிக்குது கோ. ரெண்டும் பத்தும் பார். பலன் இருக்கு. ஆனா ஆட்கள் போதாது. மறுபடி ஒழுங்கா செஞ்சா தெரிஞ்சுடும்."

கோ பெட்டியை மூடினான். பிறகு, "அப்போ உன் மாமனாருக்கு எட்டு வேண்டாம்னு சொல்லிடுவியா?" என்று கேட்டான்.

"எதுக்கு? அவரை நான் ஆராய்ச்சியில சேர்க்கப் போறதில்லை. எட்டை விட்டுக்கொடுத்தா என் மாமியார் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. என் பேரையும் அதுலயே போடு. விழுந்தா சேர்ந்து விழுவோம்."

சனிக்கிழமை தாய்ச்சுங்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. யூ-சின் மேடையேறினாள். முதல் படத்தில் தலைப்புக் கிடையாது, ஒரு கட்டில் மட்டும் இருந்தது.

"மூணு வருஷ வேலையோட முடிவைச் சொல்ல வந்தேன். அதை நம்பாதீங்கன்னு சொல்லத்தான் இப்போ நிக்கறேன்" என்று ஆரம்பித்தாள். "உங்க வார்டுல எட்டாம் கட்டில் யாருக்குக் கிடைக்கும்? மனசாட்சியோட சொல்லுங்க."

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, "எங்க டீனோட அத்தைக்கு" என்றாள். அவ்வளவுதான், மண்டபமே குலுங்கியது. சிரிப்பு அடங்கும்போது அங்கங்கே முகங்கள் மாறிக்கொண்டு வந்தன. கட்டில் எண்ணை வைத்துப் பிரித்தது அந்த மண்டபத்தில் அவள் ஒருத்தி மட்டுமல்லவே.

ஆறையும் எட்டையும் தனியாக, இரண்டையும் பத்தையும் தனியாகக் காட்டினாள். எது நின்றது, எது விழுந்தது என்று குரல் தாழாமல் சொன்னாள். முடித்ததும் முதல் வரிசையில் கை உயர்ந்தது. கோ கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வடக்கேயிருந்து ரயிலேறி வந்தேன்" என்றார் து. "நீங்களே சொல்லிட்டீங்க. என் டிக்கெட் வீணாப் போச்சு."

"திரும்பிப் போற டிக்கெட் இன்னும் இருக்குமே, பேராசிரியர்."

அவரும் சிரித்துவிட்டார். "சரி, ஒண்ணு மிச்சம் இருக்கு. அடுத்த தடவை எப்படிப் பிரிக்கறதா உத்தேசம்?"

"சீட்டு. மூடின உறையில. வீட்டாளுங்களே எடுக்கட்டும்."

"சண்டை வருமே. பேச்சுக் கிடைக்காதவங்க சும்மா இருப்பாங்களா?"

"கட்டிலுக்குச் சண்டை போடுவாங்க, ஏன்னா அதை யாரோ ஒரு ஆள் கொடுக்கறாங்க. சீட்டுக்குப் போட மாட்டாங்க. கோயில்ல குறி கேட்கக் குச்சி குலுக்கி, விழுந்ததை ஏத்துக்கிட்டுப் பழகினவங்க. தன் கையால எடுத்த சீட்டை சாமிகிட்டயா திருப்பிக் கொடுப்பாங்க?"

து பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். "ஒரு ஆஸ்பத்திரி ஆட்கள் உங்களுக்குப் போதாது. எங்க வார்டையும் சேர்த்துக்குங்க. ஆனா உறையை என் ஆளுங்கதான் ஒட்டுவாங்க."

"ஒட்டுங்க. பிரிச்சு எண்ணும்போது என் ஆளுங்க பக்கத்துல நிப்பாங்க."

சாப்பாட்டு வேளையில் கோ அவளை ஓரமாக இழுத்துப் போனான். "அந்த ஆளோடவா? தினம் ஒரு குத்தம் சொல்வான்."

"சொல்லட்டும். குத்தம் மிச்சமில்லாம வெளிய வந்தா அப்புறம் யார் என்ன சொல்லிடப் போறாங்க?"

"அப்போவும் பேச்சால ஒரு பலனும் இல்லைன்னு வந்துட்டா?"

"இல்லைன்னு சொல்வோம். இதே மேடையில. ஆனா வரும்னு தோணுது."

கோ பெருமூச்சு விட்டான். எட்டிப் பார்த்தான். து இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"பேராசிரியர், இங்க வாங்க" என்று கோவே நாற்காலியை இழுத்துப் போட்டான். "எப்போ ஆரம்பிக்கலாம்னு முதல்ல அதைப் பேசிடுவோம். எனக்கு ஏற்கெனவே ஒரு வருஷம் போச்சு."