திபுர்சியோவின் திராட்சைத் தோட்டம்

எனக்குத் திபுர்சியோ என்று சித்தப்பா மகன் யாரும் கிடையாது. இதை இங்கே முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ரொசாரியோவில் எங்கள் தெருக்கோடி க்ளப்பில் வியாழன்தோறும் மதியம் நாங்கள் ஆறு கிழவர்கள் கூடி மலிவான சிவப்பு ஒயின்களை ருசி பார்ப்போம். இரண்டே விதிகள்தான். பாட்டிலின் விலை ஒரு கிலோ விலாக்கறியின் விலையைத் தாண்டக் கூடாது. லேபிளைப் பார்த்து யாரும் மயங்காமலிருக்க, சமையலறையிலேயே பென்குயின் வடிவப் பீங்கான் கூஜாவுக்கு மாற்றித்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பென்குயின் குனிந்து அலகு வழியாக ஊற்றும். அது யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

ஒரு வியாழன் ஒயின் கொண்டுவருவது என் முறை என்பதே மறந்துபோய், மூலைக்கடையில் அட்டைப்பெட்டி ஒயின் ஒன்றை வாங்கி ஊற்றிவிட்டேன். அதைக் கொண்டு என் மருமகள் கழுவுதொட்டித் துரு எடுப்பாள். எங்கள் ஆறு பேரில் ஒருவனான ஃபெர்மின் ஒரு மடக்குக் குடித்தான், கண்ணை மூடிக்கொண்டான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், அவ்வளவு லேசில் கண்ணை மூடுகிறவன் இல்லை.

"டேய் நசரேனோ, எங்கடா பிடிச்ச இதை?"

அட்டைப்பெட்டி என்று சொன்னால் சாகும்வரை ஓட்டுவார்கள். "மெந்தோசால என் சித்தப்பா மகன் திபுர்சியோ திராட்சைத் தோட்டம் வச்சுப் போடறான்," என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. திபுர்சியோ விடியற்காலையில் கொடிகளுக்கு அக்கார்டியன் வாசிக்கிறான். இசை பிடிக்காத கொத்துகளை ஒற்றைக்கண் ஆடு ஒன்று மோந்து பார்த்துத் தின்றுவிடும். மிஞ்சுவதுதான் ஒயின்.

அப்புறம் என் முறை வந்தபோதெல்லாம் அதே அட்டைப்பெட்டிதான். ஒரு தடவை ரொம்பப் புளித்திருந்தது. "திபுர்சியோவோட அக்கார்டியன் உடைஞ்சுபோச்சு. கொடியெல்லாம் துக்கத்துல இருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மின் சிரிக்கவில்லை.

அந்த மாதம் டாக்டர் அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிளாஸ்தான் என்று சொல்லிவிட்டார். "ஒண்ணே ஒண்ணுன்னா அது திபுர்சியோவோடதா இருக்கட்டும்," என்று மெந்தோசாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். பன்னிரண்டு மணி நேரப் பயணம், மடங்காத முழங்காலோடு. அதோடு, பீரோவுக்கு மேல் இரண்டு வருஷமாக யாரும் தொடாமல் கிடந்த அக்கார்டியனையும் இறக்கித் துடைத்து வைத்திருந்தான். செத்துப்போன அவன் மனைவி இர்மா வாசித்தது.

"வீட்ல சும்மா தூங்குது. கொடிங்களாவது கேக்கட்டும்," என்றான்.

நேரே சமையலறைக்குப் போனேன். க்ளப் சமையலறையை நடத்தும் தேலியாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். குப்பைக்கூடையில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தவள்.

"நீயே சொல்லிடேன் தேலியா. நீ சொன்னா கேப்பான்."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஆட்டுக் கண்ணைப் பிடுங்கினது நீ. நீயே போய் ஒட்டு."

புறப்படும் நாள் காலை, அட்டைப்பெட்டியும் ஒரு கிளாஸுமாகப் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஃபெர்மின் வெள்ளைச் சட்டை போட்டு, அக்கார்டியன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திபுர்சியோன்னு யாரும் இல்லடா. ஆடும் இல்ல. நீ குடிச்சதெல்லாம் இதுதான். நல்லாப் பாரு." அவன் கண் முன்னால் பெட்டியைக் கிழித்து ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் உறிஞ்சினான். உடனே பக்கத்திலிருந்த செடித்தொட்டியில் துப்பினான்.

"சீ, கருமம்! இதையும் அதையும் ஒண்ணுன்னு சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?"

"சத்தியமா அதேதான்டா."

"அறுபது வயசுலேர்ந்து உன் புளுகைக் கேக்கறேன் கிழவா. நான் நேரா அவன்கிட்டயே வாங்கிடுவேன்னு உனக்குப் பயம். அதான் தோட்டத்தையே இல்லன்னு ஆக்கப் பாக்கற."

வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மை, என் பொய்களிலேயே மட்டமான பொய்யாகப் போய்விட்டது. கண்டக்டர் கூப்பிட்டார். ஃபெர்மின் எழுந்தபோது கால் இழுத்துக்கொண்டது. பெட்டி கைநழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன். அந்தக் காலோடு, அந்தப் பெட்டியோடு, இல்லாத தோட்டத்தைத் தேடி அவன் ஊர் ஊராக விசாரிப்பது கண்ணில் ஓடியது. நானும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

"வந்துட்டியா? உன் சித்தப்பா மகனைப் பாக்கவே உன்னை இழுத்துட்டுப் போக வேண்டியிருக்கு," என்று ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டான். பெட்டியை என் மடியில் வைத்தான். "உன் குடும்பத்துக்குப் போறது. நீயே வச்சுக்கோ."

ஊர் தாண்டினோம். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் அக்கார்டியன் ஒரு பெருமூச்சு விட்டது. இர்மா என்னை ஒருநாளும் நம்பியவள் இல்லை.

"டேய்," என்றான் ஃபெர்மின், அரைத் தூக்கத்தில். "அந்த ஆடு புது ஆளுங்களை முட்டுமா?"

இதுதான் இடம், இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"உன் பக்கம் வராது," என்றேன். "கண்ணில்லாத பக்கமா நில்லு."

அக்கார்டியன் மறுபடியும் பெருமூச்சு விட்டது. அந்த இடத்தில் சாலை வழவழவென்றுதான் இருந்தது.