இரவல் பெஞ்சு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாநிலத்தை ஆளுகிறவர்கள் அரசுப் பள்ளிகளை நடத்துகிற லட்சணத்தைப் பற்றி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

கல்வி என்பது ஒரு சமுதாயத்தின் முதுகெலு—

(வேண்டாம். இந்த முதுகெலும்பை எத்தனை மேடைகளில் போட்டு உடைத்துவிட்டார்கள்!)

நிதி ஒதுக்கீட்டில் ஆண்டுதோறும் கைவைக்கும் ஆட்சியாளர்கள், அதே சுறுசுறுப்போடு புதுப்புதுத் திட்டங்களுக்குப் பெயர்சூட்டு விழா நடத்துவது—

(உண்மைதான். ஆனால் எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. உங்களை எப்படிக் குறை சொல்வது?)

மூன்றாவது வாக்கியத்தில் என் அண்ணி வந்து நின்றுகொண்டார். நிஜ அண்ணிதான், கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஊர் ஓரத்தில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அவர் வந்த பிறகு என்னால் கட்டுரையைத் தொடர முடியவில்லை.

2

பள்ளியை முதலில் காட்டிவிடுகிறேன். இரண்டே அறைகள். வெளிச்சுவரில் மாநிலத் தலைவரின் சிரித்த முகம், ஆள் உயரத்துக்கு. அதை வரைய மேலிடத்திலிருந்தே பெயிண்டரை அனுப்பினார்கள். அதே சுவரின் உட்பக்கம் காரை உதிர்ந்து, பிள்ளைகளின் தலையில் அவ்வப்போது விழும். பெஞ்சு வேண்டும் என்று அண்ணி கேட்காத ஆளில்லை. "பாத்துட்டிருக்கோம்மா" என்பார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, குனிந்து எழுதுகிறார்கள்.

இதற்கிடையில் தலைமை ஒரு கொள்கையை அறிவித்தது. பெயர் 'ஒருங்கிணைப்பு'. வசதியில்லாத பள்ளியை இழுத்து மூடி, பிள்ளைகளை வசதியுள்ள பள்ளியில் சேர்ப்பது. வசதி ஏன் இல்லாமல் போனது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அண்ணியின் பிள்ளைகள் சேரவேண்டிய பள்ளி, லாரிகள் பறக்கிற பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை யாரும் அந்தச் சாலையைக் கடக்க விடமாட்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள் என்று அண்ணிக்குத் தெரியும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் யாராவது பார்வையிட வந்தால், அதிகாரிகள் பெரிய பள்ளியிலிருந்து பெஞ்சுகளை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அவர் போனதும் பெஞ்சுகளும் போய்விடும். சில அமைச்சர்கள் ஒரே பெஞ்சை மூன்று ஊர்களில் பாராட்டியிருக்கிறார்கள்.)

3

கல்வி அமைச்சர் வருகிறார் என்று தகவல் வந்தது. காலையில் லாரி வந்தது. பெஞ்சுகள் மட்டும்தான் இறங்கின. மேசைகளை வேறொரு அதிகாரி முந்திக்கொண்டு தன் பகுதிக்கு இரவல் வாங்கிப் போயிருந்தார். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. (இந்த இடத்தில் அவர் லாரியைத் திருப்பி அனுப்புவதாக எழுதிப் பார்த்தேன். கதாநாயகி மாதிரி இருந்தார், அண்ணி மாதிரி இல்லை. அடித்துவிட்டேன்.) பெஞ்சுகளை வரிசையாகப் போடச் சொல்லிவிட்டு, "ஒழுங்கா உட்கார்ந்து எழுதிட்டிருக்கணும், என்ன?" என்று பிள்ளைகளை மிரட்டிவிட்டு, வாசலுக்கு ஓடினார்.

அமைச்சரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், தரையில். நோட்டுகள் பெஞ்சின் மேல் இருந்தன. ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்தி, பெஞ்சில் கையூன்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தரையைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்து பழகாத பிள்ளைகள். பெஞ்சு என்பது வைத்து எழுதுவதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏம்மா, எல்லாரும் ஏன் கீழ உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் அமைச்சர்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். "கீழ உட்கார்ந்தாதான் சார் எழுத எட்டுது."

அண்ணியின் பின்னால் நின்ற அதிகாரி ஒரே பாய்ச்சலில் முன்னால் வந்தார். "புது கற்பித்தல் முறை சார். தரையில உட்கார்ந்தா கவனம் சிதறாது. நம்ம டீச்சரே யோசிச்சுக் கொண்டு வந்தது."

அமைச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, செலவே இல்லாம எவ்ளோ சாதிக்கலாம்னு! சும்மா பெஞ்சு பெஞ்சுன்னு உயிரை வாங்குறாங்க. தலைவர்கிட்ட சொல்றேன். எல்லா ஸ்கூலுக்கும் இதையே கொண்டு வந்துடலாம். இதுதான்யா மாதிரிப் பள்ளி!"

கேமராக்கள் அண்ணியின் பக்கம் திரும்பின.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மாதிரிப் பள்ளியை யாரும் மூட மாட்டார்கள். அண்ணி தலையை ஆட்டினால் போதும், அவருடைய பள்ளி பிழைத்துவிடும். ஆட்டினால், மாநிலத்தில் இனி எந்தப் பிள்ளைக்கும் பெஞ்சு கிடைக்காது.

"சார், இது எங்க பெஞ்சு இல்ல" என்று அண்ணி கணீரென்று சொன்னார்.

4

மேலே உள்ள வரியை அண்ணிக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"என்னது, கணீர்னா?" என்றார். "யாரைக் கேட்டு எழுதின தம்பி? எனக்குத் தொண்டையில இருந்து வெறும் காத்துதான் வந்துச்சு. அவருக்குக் கேக்கவே இல்ல. 'என்னம்மா சொன்னீங்க?'ன்னு திரும்பிக் கேட்டாரு."

"இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி."

"பெருமையா சொல்லிக்கிற விஷயமா அது? அந்த அதிகாரி பார்வையாலயே எரிச்சாரு. 'ஒண்ணுமில்ல சார், நன்றின்னு சொன்னேன்'னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பச் சொன்னேன். 'இது எங்க பெஞ்சு இல்ல சார். நீங்க கிளம்பினதும் லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும். எங்க பிள்ளைங்களுக்கு இதுல உட்காரத் தெரியல, ஏன்னா உட்கார்ந்ததே இல்ல. புது முறையெல்லாம் ஒண்ணும் கிடையாது'ன்னு சொன்னேன்."

ஃபோனை வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தேன். முதல் தடவை சொன்னது வாய் முந்திக்கொண்டதாகக்கூட இருக்கலாம். யாருக்கும் கேட்கவில்லை, தப்பித்துக்கொள்ள வழி திறந்தே இருந்தது. அது தெரிந்தும் அதையே மறுபடியும் சொன்ன பெண்ணின் கையால்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன். அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நாட்டை ஆளுகிறவர்களில் ஒருவருக்காவது அந்த இரண்டாவது தடவை வாய்க்குமா என்று—

(கட்டுரை எட்டிப் பார்க்கிறது. போ உள்ளே.)

'கணீரென்று' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். நீங்களும் எடுத்துவிட்டுப் படியுங்கள்.

5

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: அமைச்சர் கண் கலங்குகிறார். மறு வாரமே புத்தம்புதிய பெஞ்சுகள் வந்து இறங்குகின்றன. பல் விழுந்த சிறுமி முதல் வரிசையில் ஏறி உட்கார்ந்து காலாட்டுகிறாள்.

இன்னொன்று: பள்ளியின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. வெளிச்சுவரில் தலைவர் சிரிக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "பாக்கலாம்" என்றார், போய்விட்டார். சொன்னபடி லாரி வந்தது. பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று இன்னும் உத்தரவு வரவில்லை. அண்ணி தினமும் கதவைத் திறக்கிறார்.

முதல் முடிவையே வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "படிக்கிறவங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும் அண்ணி."

"அதுவும் இரவல் பெஞ்சுதான் தம்பி" என்றார். "வந்தவங்க சுகமா உட்கார்ந்து பாத்துட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு எழுந்து போயிடுவாங்க. எங்க பிள்ளைங்க கீழதானே உட்கார்ந்திருக்கும்?"

அதனால் அதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இந்தக் கதையில் நீங்கள் சாய்ந்து உட்கார இனி எதுவும் இல்லை. உத்தரவு வரும்வரை பிள்ளைகள் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. வாருங்கள், கீழேயே உட்காருங்கள்.