வலப்பக்கத்துக் காலி இடம்

1

இது கதையாகத் தொடங்கியதல்ல, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயணப் பத்திரிகைக்காரர் என்னிடம் கட்டுரை கேட்டார். ஊர் சுற்றப் போகிறவர்கள் மூட்டை முடிச்சு இல்லாமல் படமெடுக்க எந்த மாதிரிச் சின்னக் கேமரா வாங்கலாம், கூட என்னென்ன எடுத்துப் போகலாம் என்று பயனுள்ளதாக இரண்டு பக்கம். சரி என்றேன். சட்டைப்பையில் அடங்கும் கேமரா, அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, எதன்மீதும் சுற்றிக் கட்டலாம்படி வளையும் கால்களுள்ள கையகல ஸ்டாண்ட், உதிரியாக ஒரு பேட்டரி. இவ்வளவு போதும் என்று எழுதினேன். அடுத்த வரி இப்படி வந்து விழுந்தது:

"இதில் பெரிய வசதி என்னவென்றால், நீங்கள் படமெடுக்கக் கிளம்புகிறீர்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது."

அதோடு பேனா நின்றுவிட்டது. (தட்டச்சுத்தான் செய்கிறேன். ஆனால் 'விரல் நின்றுவிட்டது' என்று எழுதினால் ஏதோ நோய் மாதிரி இருக்கிறது.) வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் தெரியக் கூடாது? யார் இந்த ஆள்? தோளில் பெரிய கேமராப் பையை மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக ஓரிடத்துக்குப் போய்வர முடியாது. தெருவே எட்டிப் பார்க்கும். சட்டைப்பையில் கேமரா வைத்திருப்பவனை அப்படி நம்பிவிட முடியுமா? அவன் பின்னாலேயே போனேன். கட்டுரை அங்கேயே கிடக்கிறது. பத்திரிகைக்காரர் என் போனை எடுப்பார், நான்தான் அவர் போனை எடுப்பதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மழை விட்டிருந்த ஒரு காலையில், படகின் கைப்பிடிக் கம்பியில் தன் சின்னக் கேமராவைக் கட்டிவிட்டு அவர்—'

வேண்டாம். மழை விட்ட காலையில் தொடங்கிய கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

அடுத்தது: 'அவள் கணவரைச் சந்தேகப்படுகிற பெண் அல்ல.'

பச்சைப் பொய். எடுத்த எடுப்பிலேயே பொய் சொன்னால் பிறகு நான் சொல்லும் எதை நீங்கள் நம்புவீர்கள்?

அதற்கடுத்தது: 'அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.' இது நிற்கிறது. முன்பக்கத்தில் ஃபிரேமை மாட்டிக்கொண்டு முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பும் கூட்டத்தோடு அவளுக்குச் சம்பந்தமில்லை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவாள். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். இடைவெளி எங்கே இருந்தாலும் அவள் கண் அளந்துவிடும். அவளாக நினைத்தாலும் நிறுத்த முடியாது.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேமரா. வயிறு புடைத்த கறுப்புப் பை, உள்ளே பெரிதும் சிறிதுமாக லென்ஸ்கள், பக்கவாட்டில் தொங்கும் மூன்று கால் ஸ்டாண்ட். விடுமுறைக்கு எங்கே போனாலும் அதுவும் கூட வரும். ஆசை அவருடையது, சுமை அவளுடையது. கடைசியாகப் போன மலையில் பாதிப் படியிலேயே பையை இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணு இது வரணும், இல்ல நான் வரணும்" என்று உட்கார்ந்துவிட்டாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். சில நாளில் பை, லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உள்ளங்கையளவு கேமராவோடு வந்து நின்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு எந்தச் செருப்பு சரிப்படும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பயணத்துக்கு அவர் அவளைக் கூப்பிடவில்லை.

"கம்பெனி ஆளுங்க எல்லாம் சேந்து போறோம். உனக்குப் போரடிக்கும்" என்று சொல்லி, கேமராவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மூக்கு கறுத்துத் திரும்பி வந்தார். வந்தவர் காபியைக் கூடக் குடித்து முடிக்காமல், "அடுத்த மாசம் லீவு வருது. இந்தத் தடவை நீயும் வாயேன்" என்றார்.

போவதா, இருப்பதா? அவள் முன்னால் இருக்கும் கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, போன தடவை அவரோடு போனது யாரென்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

3

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துக் கணினியில் செருகினாள். (இதை அவள் செய்வாளா என்று எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. 'தற்செயலாகக் கண்ணில் பட்டது' என்று எழுதிப் பார்த்தேன். யாரை ஏமாற்றுகிறேன்? கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் பார்த்தாள்.)

கடல், படகு, மலைக்கோட்டைப் படிகள், ரயில் நிலையத்து பெஞ்சு. எல்லாம் சுமாரான படங்கள். அவர் இருக்கும் படங்கள்தான் அவளை நிறுத்தின. எல்லாவற்றிலும் அவர் படத்தின் இடப்பக்க ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறார். வலப்பக்கம் முழுக்கக் காலி. இடது கை மட்டும் ஒரு தோள் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறது. அந்தக் கைக்கு அடியில் தோள் இல்லை.

யாரோ ஒருத்தி நின்றிருக்கிறாள். படமெடுக்கும் நேரத்தில் மட்டும் விலகிவிட்டிருக்கிறாள்.

பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. அவர் போட்டிருக்கும் கண்ணாடியை அவள்தான் பொருத்தினாள். படத்தைப் பெரிதாக்கி அந்த லென்ஸில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தாள். கம்பியில் கால்களைச் சுற்றிக்கொண்டு சின்னக் கேமரா தனியாக நின்றிருந்தது. டைமர் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். பின்னால் வேறு ஏதோ ஓர் உருவம்.*

அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அந்தக் காலி இடம் ரொம்ப அகலம். எவளாக இருந்தாலும் இவ்வளவு அகலமாகவா இருப்பாள்?

(* அந்த உருவம் தூண் என்றுதான் எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது தூணுக்குத் தோள் இருக்கிற மாதிரி பட்டது. குப்பைத்தொட்டி என்று மாற்றினேன். அதுவும் யாரையோ மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. உருவம் என்றே விட்டுவிட்டேன். எனக்கும் அவளுடைய வியாதி தொற்றிக்கொண்டது.)

4

கணவரோடு வேலை பார்க்கும் வெல்டர், கிட்டப்பார்வைக் கண்ணாடியின் காது உடைந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். அவளே பின்னறையிலிருந்து எழுந்து வந்தாள்.

"டூர் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாண்ணே?"

"எந்த டூரு?"

"எல்லாரும் சேந்து போனீங்களே."

"நாங்களா? நல்லாக் கேட்ட போ! உன் வீட்டுக்காரர் லீவப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் வேலையையும் சேத்து எங்க தலையில கட்டிட்டாங்க. உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ணே. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, உடைந்த காதை மாட்டுகிறேன் பேர்வழி என்று நல்ல காதையும் முறித்துவிட்டாள்.

5

சண்டைக் காட்சி எனக்கு வராது. எழுதினால் இரண்டு பேருமே வக்கீல் மாதிரி பேசுகிறார்கள். ஆகவே சுருக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சவரம் செய்துகொண்டிருந்தார், பாதி முகத்தில் நுரை.

"என்னங்க, யாரு கூடப் போனீங்க?"

"கம்பெனி ஆளு—"

"வெல்டர் அண்ணன் கடைக்கு வந்திருந்தாரு."

கத்தி நின்றது. "தனியாத்தான் போனேன்."

"தனியாப் போறதுக்கு எதுக்குப் பொய்?"

"தனியாப் போறேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சந்தேகப்பட்டிருப்பேன்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவர் முகத்தைத் துடைத்தார். "ஒரு தடவையாவது பாரம் இல்லாமப் போய்ப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"பாரம்னா எது? பையா, நானா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், ஆனால் அதற்குள் அவள் கணினியைத் திருப்பி வைத்துவிட்டாள். "இந்த எடத்துல யாரு நின்னா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "அட, ஆமா. நான் ஏன் இப்படி ஓரமா நிக்கிறேன்?"

அவர் முகத்தில் தெரிந்தது நிஜமான ஆச்சரியமா, நடிப்பா? அவளுக்குத் தெரியவில்லை. எழுதியவன் நான், எனக்கும் தெரியவில்லை. உங்களில் கல்யாணமானவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6

பீரோ மேல்தட்டிலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கினாள். பெரிய கேமராக் காலத்துப் படங்கள். அதில் இருந்தது இதுதான்.

அவர் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, டைமரை வைப்பதற்கு முன், பையை அவள் வலது தோளில் மாட்டிவிடுவார். மண்ணில் வைத்தால் லென்ஸுக்கு ஆகாது. பிறகு ஓடி வந்து இடப்பக்கம் நிற்பார். ஆகவே எல்லாப் படத்திலும் இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவள், நடுவில் வயிறு புடைத்த பை. மூன்று பேர் போன பயணம் மாதிரிதான் இருக்கும்.

அவள் ஆல்பத்தையும் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காலி இடத்தைக் கண்ணால் அளந்தாள். தன்னையும் பையையும் சேர்த்து நிறுத்தினால் கச்சிதமாகப் பொருந்தியது. விற்றுப்போன பைக்கும் சேர்த்து இடம் விட்டு நின்றிருக்கிறார் மனிதர். எவளும் இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தனியாகப் போன இடத்திலும் இந்த ஆளுடைய கால், இவளுக்கு இடம் விடாமல் நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இங்கேயே முடித்திருக்கலாம். என் தங்கை, இதை முதலில் படித்தவள், அப்படித்தான் சொன்னாள்.

"இதோட நிறுத்திடு. நல்லா இருக்கு. எல்லாரும் கண்ணைத் துடைச்சிப்பாங்க."

"அதனாலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? அது சரி, கதை பூரா அவரை 'அவர்'ங்கற, அவளை 'அவள்'ங்கற. ஊர் சுத்துறவனுக்கு மரியாதை, மூட்டை தூக்குறவளுக்கு இல்லையா?"

பழக்கம் என்றேன். தங்கை நம்பவில்லை.

7

நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் கதையில் இருக்கும் அவள் நிறுத்தவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின் இன்னொரு தடவை ஆல்பத்தைப் பார்த்தாள். அவருடைய இடது கை. அது பைக்குப் பின்னால் போய் மறைகிறது. எல்லாப் படத்திலும். பைக்குப் பின்னால் அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது? அவள் தோளை அணைத்திருந்ததா, பை நழுவாமல் வாரைப் பிடித்திருந்ததா?

அவள் தோளுக்குத்தானே தெரிய வேண்டும் என்பீர்கள். அந்தத் தோளில் பை கனத்தது. அத்தனை கனத்துக்கு மேல் ஒரு கை இருந்ததா இல்லையா என்று தோள் எப்படிச் சொல்லும்?

"அந்தக் கை என் தோள்லயா, பை வார்லயா?" என்று கேட்டாள்.

அவருக்காக நான் எழுதி வைத்திருந்த பதில்கள்:

"உன் தோள்லதான்டி." (படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அவள் நம்ப மாட்டாள்.)

"பை விழுந்துடுமேன்னு வாரப் புடிச்சுப்பேன்." (உண்மையான மனிதன் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு பதிலைச் சொன்னவரோடு அவள் எந்த ஊருக்கும் போக மாட்டாள்.)

"ஞாபகம் இல்ல." (நிஜமாக மறந்தவனும் இதைத்தான் சொல்வான், மறைக்கிறவனும் இதைத்தான் சொல்வான்.)

கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு, "மாடிக்கு வா" என்கிறார்.

8

மொட்டை மாடி. வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அந்தக் கையகல ஸ்டாண்டைப் பொருத்திக் கேமராவை நிறுத்துகிறார். லென்ஸ் மெல்ல வெளியே நீள்கிறது. டைமர். சிவப்பு விளக்கு நிதானமாகச் சிமிட்ட ஆரம்பிக்கிறது. அவர் ஓடிப் போய் கைப்பிடிச் சுவரோரம், இடப்பக்கமாக நிற்கிறார். இப்போது தெரிந்தே இடம் விட்டு நிற்கிறாரா, கால் தானாகவே அங்கே போனதா?

"வா" என்கிறார். இடது கை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

'அவள் மெல்ல நடந்து போய் அவருக்கு அருகில்—'

'அவள் திரும்பிப் படியிறங்கி—'

'அவள் போய், பைக்கான இடத்தை விட்டுத் தள்ளி—'

முடியவில்லை. அந்தக் கையை நான் தூக்கினாலும் நீங்கள் சந்தேகப்படுவீர்கள், தொங்கவிட்டாலும் சந்தேகப்படுவீர்கள். அந்த அளவுக்கு உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறேன். ஆகவே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். கேமராவுக்குப் பின்னால், நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அவளும் நிற்கிறாள். வலது தோளில் இன்று பை இல்லை. போய் நின்றால், கை வருகிறதா இல்லையா என்பது இந்தத் தடவை அந்தத் தோளுக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் அது தெரியாமலேயே வாழ்ந்துவிட்டாள்.

விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கிவிட்டது. போவதென்றால் இப்போதே போக வேண்டும்.