ஆளுக்கொரு அட்டை

“வாயைத் திறங்க.”

கண்டக்டர் திறக்கவில்லை. வலி மருந்து ஏற்றிய சின்னக் குழாய் அவர் உதட்டோரம் நின்றது. அதைப் பிடித்திருந்தவள் அவர் மனைவி. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். கட்டினவளுக்கும் அப்படித்தான்.

“திறந்தா முத்தா உதிர்ந்திடும்? கண்டக்டரே, உங்களைத்தான்.”

“வலிக்கல,” என்றார் பல்லைத் திறக்காமலே.

வலிக்கவில்லையாம். போர்வையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்துக் கிடந்தன. ஈரலில் தொடங்கிய நோய் முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளுக்குத்தான் தெரியும். காலையில் கேட்டால் ‘நல்லாத் தூங்கினேனே’ என்பார். கல்லுளிமங்கன். பல நாளாக இதே கூத்து. நர்ஸ் கொண்டுவரும் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்வார், குடிக்கமாட்டார்.

நர்ஸ் ஜன்னலோரம் தன் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு பெட்டி அவள் மடியில் இருந்தது. தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகிவிட்டால் அந்தப் பெட்டியே சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ளும். அதை மாட்டத்தான் காலையிலிருந்து போராட்டம்.

“அம்மா, கொஞ்சம் வெளியே வாங்க,” என்றாள் நர்ஸ்.

நடையில் மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வயது நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“எனக்கு மத்தியானத்துக்குள்ள இன்னொரு வீட்டுக்குப் போகணும்மா. அய்யா நினைவோட இருக்காரு. அவரா வேணாம்னா நான் ஊசி போடக் கூடாது. மறுத்துட்டாருன்னு எழுதிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போகணும். மறுபடி கேட்டு வாங்க நாளைக்காகிடும்.”

“நாளைக்கு வரட்டுமே,” என்றாள் மகள்.

நர்ஸ் வாசலில் கழற்றி விட்டிருந்த தன் செருப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

“அப்ப அவரு தூங்கும்போது போட்டுடுங்க சிஸ்டர். நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்,” என்றாள் மகள்.

“எங்கேம்மா தூங்குறாரு அவரு? அப்படியே தூங்கினாலும் செய்யமாட்டேன். அவர் உடம்பு, அவர் சொல்லணும்.”

மனைவிக்கு நெஞ்சு படபடத்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் படபடக்கிறது. சாகிறது என்பது எல்லோருக்கும் உள்ளதுதான், அதில் அவளுக்குச் சண்டையில்லை. ஆனால் இப்படித் துடிதுடித்துச் சாகணும் என்று என்ன வேண்டுதல்? பக்கத்திலேயே மருந்து இருக்க, வீம்புக்குச் சாகிற மனிதனை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்?

அவர் முகம் துடைக்கத் தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். நர்ஸ் அறைக்குத் திரும்பினாள். மனைவி கிண்ணத்தோடு அறை வாசல்வரை வந்தபோது உள்ளே கண்டக்டரின் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று பேசினார்.

“சிஸ்டர்... இந்தப் பெட்டி எதுல வருது?”

“முதியோர் காப்பீட்டுலதான் அய்யா. நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்ல.”

“கட்டறதைக் கேக்கல. எதுல கழிப்பாங்க?”

“உங்க அட்டையில.”

“அதான். எடுத்துட்டுப் போயிடுங்க. அவளுக்கு நெஞ்சுல வால்வு மாத்தணும். நானே எல்லாத்தையும் தின்னுட்டா அவளுக்கு என்ன மிஞ்சும்?”

கிண்ணத்துத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. அது அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வேலையில் இருந்த காலத்தில் குடும்பத்துக்கே ஒரே காப்பீட்டு அட்டை, வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை. ஒரு வருஷம் கண்டக்டர் பஸ் படியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கம்பி வைத்தார்கள், கழற்றினார்கள், மறுபடி வைத்தார்கள். அதே வருஷம் இவளுக்கு வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, கவுண்ட்டரில் இருந்தவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “உங்க குடும்பத்துக்கு இந்த வருஷத் தொகை முடிஞ்சு போச்சு” என்று திருப்பித் தள்ளினான். கண்டக்டர் ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்றிருந்தார். அப்புறம் மாத்திரையிலேயே ஓடட்டும் என்றார்கள் டாக்டர்கள், ஓடியது. அவள் அதை மறந்தே போனாள். அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

“யோவ்!” என்று உள்ளே பாய்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. “நீ என்ன மனுஷன்யா? இதுக்குத்தான் இத்தனை நாளா வாயைக் கட்டிக்கிட்டு கிடந்தியா?”

“கத்தாதே டெய்லரு. நெஞ்சுக்கு ஆகாது.”

தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதால் அவருக்கு அவள் டெய்லர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது, அழுகையும் வந்தது.

நர்ஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அய்யா, அது பழைய கதை. வயசானவங்க திட்டத்துல குடும்ப அட்டையே கிடையாது. ஆளுக்கொரு அட்டை. நீங்க எடுக்கிறது உங்களோட போச்சு. அம்மாவோடதுல ஒரு சொட்டு குறையாது.”

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை. “ரெண்டு அட்டையிலயும் ஒரே நம்பர் சிஸ்டர். கடைசியில மட்டும் எனக்கு ஒண்ணு, அவளுக்கு ரெண்டு. ஒரே கட்டுல கிழிச்ச டிக்கெட்டு. எனக்குத் தெரியாதா?”

“அது வீட்டு விலாசத்துக்காகப் போடுற நம்பர் அய்யா.”

“உள்ள இடமிருக்கு, ஏறு ஏறுன்னு நானும் எத்தனையோ பேரை ஏத்தியிருக்கேன். உள்ள நிக்கக்கூட இடம் இருந்திருக்காது.”

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்தது. இந்த முறை அவரால் மறைக்க முடியவில்லை. முதுகு வில்லாக வளைந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “இப்பச் சொல்லுங்க அய்யா, போட்டுடறேன்” என்றாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம்.

வலி இறங்கியபோது அவர் முகமெல்லாம் வேர்வை. நர்ஸ் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு முக்கியமாக இருந்தால் யாராவது எடுக்க வேண்டியதுதானே. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைத்துக்கொண்டாள்.

“டெய்லரு,” என்றார் கண்டக்டர். “உன் ஆபரேஷனுக்குத் தேதி என்னாச்சு?”

“வரும்.”

“போன மாசமும் வரும்னே.”

“ஆஸ்பத்திரியில கூட்டம். நான் என்ன பண்றது?”

“முதல்ல உனக்குத் தேதி வாங்கு. உன் அட்டையில ஆகும்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்புறம் இந்தம்மா என்ன வேணா குத்தட்டும்.”

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தாள். வேறு வழியில்லை. இருதய ஆஸ்பத்திரியின் எண்ணை அழுத்தி, அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவள் சின்னப் பெண் போலிருந்தது.

“அட்டை நம்பர் சொல்லுங்கம்மா.”

கண்ணாடியைக் காணோம். அவள் மேசையில் துழாவுவதற்குள் கண்டக்டர் கட்டிலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், ஒவ்வோர் எண்ணாக, மூச்சு வாங்கி வாங்கி. அவள் எண் அது. அவளுக்கே மனப்பாடமில்லாத எண். கடைசியில் “ரெண்டு” என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“ஒரு சந்தேகம்மா,” என்றாள் அவள் போனில். “எங்க வீட்டுக்காரருக்கும் அட்டை இருக்கு. அவருக்கு உடம்பு சரியில்ல. அவரு எடுக்க எடுக்க எனக்குக் குறையுமா?”

“யாரும்மா அப்படிச் சொன்னது? அவர் அட்டை அவருக்கு, உங்க அட்டை உங்களுக்கு. உங்களோடதை யாரும் தொடவே இல்ல, முழுசா இருக்கு.” விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “அம்மா, உங்களுக்கு அனுமதி வந்து ரொம்ப நாளாச்சே. நாங்க ரெண்டு தடவை தேதி குடுத்தோம். ரெண்டு தடவையும் நீங்கதான் இப்ப வேணாம்னு சொல்லியிருக்கீங்க.”

அவளால் தலை நிமிர்த்த முடியவில்லை. இவர் இப்படிக் கிடக்கும்போது எவள் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வாள்? இவருக்கு யார் முகம் துடைப்பார்கள்? எல்லாம் முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். என்ன முடியட்டும் என்பதை மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

“திருடி,” என்றார் கண்டக்டர்.

“நீங்க மட்டும் என்னவாம்?”

“அம்மா, லைன்ல இருக்கீங்களா? தேதி போடட்டுமா?”

“போடு,” என்றார் அவர்.

“போடும்மா,” என்றாள் அவள்.

அந்தப் பெண் அடுத்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைச் சொன்னாள். “கூட யாரும்மா வருவாங்க? அதையும் பதிஞ்சுக்கணும்.”

அவள் அவரைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரர்,” என்றாள்.

“சரிம்மா.”

போனை வைத்த பிறகு கண்டக்டர் போர்வையை விட்டார். ஊசி கையில்தான் என்று நினைத்துக் கையை நர்ஸ் பக்கம் நீட்டினார். நர்ஸ் கையை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, வயிற்றோரம் துடைத்து ஊசியைச் செருகினாள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் வேலை. இதற்காகவா இத்தனை பாடு என்று மனைவிக்கு ஆத்திரமாக வந்தது.

நர்ஸ் போன பிறகு கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் தளர்ந்தன, பிறகு தாடை. நெற்றியில் மாதக்கணக்கில் கிடந்த சுருக்கம் விலகி, அவளுக்குத் தெரிந்த பழைய முகம் வந்தது. இந்த முகத்தோடே இத்தனை நாளும் இருந்திருக்கலாமே.

“டெய்லரு.”

“என்ன?”

“தேதியை மாத்திடாதே.”

“பேசாம தூங்குங்க.”

அவர் தூங்கினார், குறட்டைகூட விட்டார். மகள் உள்ளே வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். குறட்டை மெலிந்தது, இடைவெளி விட்டது. மகள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தாள். மனைவி மட்டும் விழித்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவள் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வெளியே வண்டி கிளம்பிப் போய்விட்டது. மகளை உடனே எழுப்பவில்லை. அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, அப்புறம் எழுப்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் நர்ஸ் வந்தாள். தொட்டுப் பார்த்தாள், பெட்டியைக் கழற்றினாள், ஊசி இருந்த இடத்தில் சின்னதாகப் பஞ்சு வைத்து ஒட்டினாள். இனி அதற்கு அவசியமில்லை, ஆனாலும் ஒட்டினாள்.

“வீட்டுல மிச்சமிருக்கிற வலி மருந்தெல்லாம் கொண்டு வாங்க. உங்க கண்ணு முன்னால கொட்டிட்டுத்தான் நான் போகணும்.”

மகள் அலமாரியைத் திறந்தாள். மூடி உடைக்காத பாட்டில்கள், ஒன்றின் பின் ஒன்றாக. இரண்டு கையும் போதாமல் துணியில் போட்டுக் கொண்டுவந்து பாத்திரம் கழுவும் தொட்டியோரம் வரிசையாக வைத்தாள். வைக்க வைக்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“சிஸ்டர், எல்லாமே புதுசு. வலியில கிடக்கிற வேற யாருக்காவது குடுத்துடலாமே.”

“ஒருத்தர் பேர்ல வந்ததை இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாதும்மா.”

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் முதல் மூடியைத் திருகி உடைத்துப் பாட்டிலைக் கவிழ்த்தாள். மருந்து பாகு மாதிரி தொட்டியில் இறங்கியது, மெல்ல ஒரு இனிப்பு வாசனை எழுந்தது. அடுத்ததைக் கவிழ்த்தாள். மனைவி பக்கத்தில் வந்து நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்கம்மா. ஒட்டிக்கும்,” என்றாள் நர்ஸ்.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.