கடற்கரை வரை

"இடக்கைப் பக்கம் திரும்புங்கோ. ஷெல் விழுந்த சுவர் தெரியுதோ?" என்றேன் போனில்.

"தெரியுது" என்றார், யாழ்ப்பாணத் தெருவில் நடந்துகொண்டிருந்த லண்டன்காரர்.

நான் உட்கார்ந்திருந்தது கள்ளக்குறிச்சி பக்கத்து அகதி முகாமில், தகரக் கூரைக்கு அடியில். பிறந்ததும் இங்கேதான். 'வூடு', 'இன்னா' என்று பேசித் திரிகிறவளைச் சுற்றுலாக் கம்பெனி யாழ்ப்பாணத் தமிழ் பேச வைத்திருக்கிறது. யுத்தம் நடந்த ஊருக்கு, அதைப் பார்த்தே இராதவள் வழிகாட்டி! கேட்டால், அகதியின் குரலுக்கு மவுசு ஜாஸ்தியாம்.

வெளியே ஜீப் சத்தம்.

"ஏய் தர்சினி, இன்னா பண்ணிக்கினு இருக்க? செக்கிங் வந்துட்டாங்க!" என்று கத்தினாள் பக்கத்து வூட்டு ரம்யா.

தலை எண்ணும்போது வாசலில் நிற்காவிட்டால் ஆளில்லை என்று எழுதிவிடுவார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு போய் நின்றேன். வீட்டிலிருந்து கடற்கரை வரை, அம்மா ஓடிவந்த வழி. சாகும்வரை அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். அதையே அவருக்குச் சொல்லி முடித்தேன்.

"கடலுக்கு வந்திட்டன், தங்கச்சி. இனித் திரும்பிப் போறது எப்படி?"

அதிகாரி என்னை எண்ணிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

திரும்பும் வழியை அம்மா சொன்னதே இல்லை.